கேட்டவருக்கும் கீறுபவருக்கும் நடுவில் ஒரு போஸ்டர்: வன்னியில் புதிதாகத் தொடங்குவோருக்கு

காலபோக அறுவடை முடிந்து கையில் காசு புழங்கத் தொடங்கினால் வன்னியில் மேடைகளும் எழும்பத் தொடங்கும். கோயில் திருவிழா இசைநிகழ்ச்சி, விளையாட்டுக் கழக ஆண்டு விழா, கூத்து, நாதஸ்வரக் கச்சேரி என்று மாசி பங்குனியில் தொடங்கினால் ஆவணி வரைக்கும் ஓயாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு போஸ்டர் வேண்டும், ஒரு பிளக்ஸ் வேண்டும், வட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு ஒரு படம் வேண்டும். கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ புதுக்குடியிருப்பிலோ ஒரு மடிக்கணினியை வைத்துக்கொண்டு இந்த வேலையை இப்போதுதான் கையில் எடுத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

மென்பொருள் பழக்குவது என் நோக்கம் இல்லை. அதற்கு யூரியூப் இருக்கிறது. நினைத்தபடி கீறவேண்டும் என்பது உங்கள் ஆசை. கேட்டபடி வரவேண்டும் என்பது விழாக்குழுவின் எதிர்பார்ப்பு. இரண்டுக்கும் நடுவில் எப்படி நடப்பது என்பதைத்தான் சொல்லப்போகிறேன். டிசைன் முடிந்தபிறகு சண்டைபிடித்து யாரும் சுதந்திரம் வாங்கியதை நான் பார்த்ததில்லை. கணினியைத் திறக்க முன்னமே, முதல் நாள் கதைக்கும்போதே, எது உங்களுடையது என்று பிரித்து எடுத்துவிட வேண்டும்.

படி 1: முடிவு சொல்ல ஒரு ஆளைக் கேளுங்கள்

போஸ்டர் கேட்டு வருவது பெரும்பாலும் தனி ஆள் இல்லை. ஆலய நிர்வாக சபை, கழகம், கிராம அபிவிருத்திச் சங்கம், பழைய மாணவர் சங்கம் என்று ஒரு கூட்டம். இருபது பேர் இருக்கிற வட்ஸ்அப் குழுவில் உங்களையும் சேர்த்துவிடுவார்கள். தலைவர் நீலம் என்பார், பொருளாளர் மஞ்சள் என்பார். காசு அனுப்பிய அண்ணை ஒருவர் கனடாவில் இருப்பார். அவருக்குப் பகல் என்றால் உங்களுக்கு நடுச்சாமம். “கலர் காணாது தம்பி” என்று ஒன்றரை மணிக்கு வொயிஸ் வந்து விழும்.

அந்தக் குழுவுக்குள் போகாதீர்கள். மரியாதையாகச் சொல்லலாம்: “அண்ணை, நீங்கள் உங்களுக்குள்ள கதைச்சு முடிவெடுங்கோ. எனக்கு அதைச் சொல்லுறதுக்கு ஒராள் போதும்.” பெரும்பாலும் செயலாளர்தான் அந்த ஆளாக வருவார். அவரே வந்தால் நல்லது, ஏனென்றால் பெயர்ப்பட்டியலும் அனுமதிக் கடிதமும் அவர் கையில்தான் இருக்கும். கனடா அண்ணைக்கும் படம் போகட்டும், ஆனால் செயலாளர் வழியாகப் போகட்டும்.

படி 2: டிசைனைப் பற்றிக் கேட்காதீர்கள், சனத்தைப் பற்றிக் கேளுங்கள்

“என்ன மாதிரி டிசைன் வேணும்?” என்று கேட்டுவிட்டால் கதை முடிந்தது. போனைத் திறந்து பக்கத்து ஊர்க் கழகத்தின் போஸ்டரைக் காட்டுவார்கள். அதற்குப் பிறகு உங்களுக்குப் பிரதி எடுக்கும் வேலைதான்.

பதிலாக இப்படிக் கேளுங்கள். யார் வரவேணும் என்று ஆசைப்படுகிறீர்கள்? அவர்கள் எங்கேயிருந்து வருவார்கள், எப்படித் திரும்பிப் போவார்கள்? ரிக்கற்றா, இலவசமா? போன முறை யார் வரவில்லை, ஏன்? போஸ்டரை எந்தச் சந்திகளில் ஒட்டப்போகிறீர்கள்?

கடைசிக்கு முந்திய கேள்வி பொன். “போன முறை பொடியள்தான் வந்தவங்கள், குடும்பமா ஆக்கள் வரேல்லை” என்று செயலாளர் சொன்னால் உங்களுக்கு ஒரு பெரிய கதவு திறந்துவிட்டது என்று அர்த்தம். எரியும் கிற்றாரும் மின்னலும் கறுப்புப் பின்னணியும் ஏன் வேண்டாம் என்பதற்கு அவரே காரணம் தந்துவிட்டார். நாளைக்கு நீங்கள் வெளிர்நிறத்தில், பாயில் குந்தியிருக்கும் ஒரு குடும்பத்தை முன்னால் வைத்து ஒரு படம் கீறிக்கொண்டு போனால், “எனக்கு இது பிடிக்கும்” என்று சொல்லத் தேவையில்லை. “குடும்பமா வரவேணும் எண்டு சொன்னனீங்கள்தானே” என்றால் போதும். ரசனையை வைத்து வாதாடினால் வயதில் மூத்தவர்தான் வெல்வார். அவர் சொன்ன தேவையை வைத்துக் கதைத்தால் வாதாடவே வேண்டி வராது.

இதே சந்திப்பில் எழுத்து விபரம் முழுவதையும் வாங்கிவிடுங்கள். திகதி, கிழமை, நேரம், இடம், குழுவின் பெயர், பாடகர்கள், அனுசரணையாளர், ஏற்பாடு, தொடர்பு இலக்கம். வொயிஸ் செய்தியில் வாங்காதீர்கள். தட்டச்சு செய்து அனுப்பச் சொல்லுங்கள், அல்லது கையால் எழுதிய தாளைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். விருந்தினர் வரிசையில் கூடுதல் கவனம் வேண்டும். பிரதம விருந்தினர், சிறப்பு விருந்தினர், கௌரவ விருந்தினர் என்ற மூன்று படிகளும் உங்களுக்கு வெறும் எழுத்தாகத் தெரியலாம். ஊரில் அதன் ஒழுங்கு மாறினால் ஒருவர் விழாவுக்கே வரமாட்டார். நாதஸ்வரம், தவில் கலைஞர்களுடைய பட்டங்களும் அப்படித்தான்: ஒரு பட்டத்தை இடமில்லை என்று வெட்டும் உரிமை உங்களுக்குக் கிடையாது.

படி 3: தாளின் நடுவில் ஒரு கோடு போடுங்கள்

உண்மையாகவே ஒரு கொப்பித்தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் அவர்களுடையது: விபரங்களின் சரிபிழை, பெயர் ஒழுங்கு, யார் முகம் கட்டாயம் தெரியவேண்டும், தெய்வ உருவம் எப்படி இருக்கவேண்டும், எது ஊரில் பிரச்சினையாகும், எப்போது கையில் கிடைக்கவேண்டும். வலப்பக்கம் உங்களுடையது: எந்தப் படம், எந்தக் கோணம், எழுத்தின் வடிவம், நிறங்களின் சேர்க்கை, எங்கே வெறுமையாக விடுவது. அந்தத் தாளைச் செயலாளருக்குக் காட்டுங்கள். “இந்தப் பக்கத்தில நீங்கள் சொல்லுறதுதான் முடிவு. மற்றப் பக்கத்தை என்னை நம்பி விடுங்கோ.” பெரும்பாலானவர்கள் சம்மதிப்பார்கள், ஏனென்றால் அவர்கள் பயந்த விடயம் எல்லாம் இடப்பக்கத்தில் பத்திரமாக இருக்கிறது.

இந்த இழுபறி எங்கள் ஊரில் பிறந்தது இல்லை. பாரிஸில் 1894இல் இவெத் கில்பேர் என்ற பாடகி ஓவியர் துலூஸ் லோத்ரெக் கீறிய தன் படத்தைப் பார்த்து, தன்னை இவ்வளவு அவலட்சணமாகக் கீறவேண்டாம் என்று கடிதம் எழுதினார். அந்தப் போஸ்டர் வெளிவரவில்லை. ஆனால் அதே ஆண்டில் அவரைப் பற்றி லோத்ரெக் கீறிய படங்கள் ஒரு தொகுப்பாக வந்தன. ஒரு பாடகிக்குச் சுவரில் தன் முகம் எப்படித் தொங்கவேண்டும் என்பது வேறு, ரசிகர் கையில் உள்ள புத்தகத்தில் எப்படி இருக்கலாம் என்பது வேறு. இரண்டையும் கலைஞர் பிரித்துப் பார்த்தால் இரண்டும் நடக்கும். அடுத்த ஆண்டின் முதல் நாளில் அதே நகரத்தில் அல்போன்ஸ் மூகா கீறிய சாரா பேர்ன்ஹார்ட்டின் நாடகப் போஸ்டர் சுவர்களில் ஏறியது. ஆளுயரத்துக்கு மேலான, ஒடுக்கமான, வெளிர்நிறப் போஸ்டர். அச்சகத்துக்காரருக்கு அதில் நம்பிக்கை இருக்கவில்லை என்பார்கள். நடிகைக்குப் பிடித்துப்போய், மூகாவை 6 ஆண்டு ஒப்பந்தத்தில் வைத்துக்கொண்டார். ஆகவே வாடிக்கையாளர் என்றாலே ரசனையற்றவர் என்ற எண்ணத்தோடு போகாதீர்கள். சிலவேளை அவர் உங்களைவிடத் துணிச்சல்காரர்.

இன்று உலகம் முழுக்கப் பேசப்படும் ‘கிக் போஸ்டர்’, அதாவது இசைநிகழ்ச்சிப் போஸ்டர், மரபுக்குப் பெரிய முகவரி சான் பிரான்சிஸ்கோ. 1966இல் பில்மோர் அரங்கத்துக்காக வெஸ் வில்சன் உருகி ஓடும் எழுத்துகளில் போஸ்டர் கீறினார். கிட்டப்போய் நின்று எழுத்துக்கூட்டினால்தான் வாசிக்கலாம். அந்த அரங்கத்தின் சனத்துக்கு அதுவே விளையாட்டாக இருந்தது. நின்று வாசிக்க அவர்களுக்கு நேரமும் இருந்தது. ஏ9 வீதியில் பஸ்ஸில் போகிறவருக்கு அந்த நேரம் இல்லை. வில்சனுடைய எழுத்தைப் பார்த்து ஆசைப்படுங்கள், அவருடைய சனத்தை உங்கள் சனம் என்று நினைத்துவிடாதீர்கள். அவரும் அரங்கத்தில் நிகழ்ச்சிகளை நடத்திய பில் கிரஹமும் 1967இல் பிரிந்தது கலைக்காக இல்லை, காசுக்காக. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

முகங்கள் என்ற பெரிய பிரச்சினை

இதற்குத் தனியாகக் கொஞ்சம் இடம் ஒதுக்கத்தான் வேண்டும். நீங்கள் ஒரு முரசையும் ஒரு நிலவையும் வைத்து அழகாக ஒரு படம் நினைத்திருப்பீர்கள். வருவதோ பன்னிரண்டு பாஸ்போர்ட் படங்கள்: பாடகர்கள், அறிவிப்பாளர், மூன்று வகை விருந்தினர், அனுசரணையாளர், அமரரான முன்னாள் தலைவர்.

முதலில் ஒன்றை ஏற்றுக்கொள்ளுங்கள். முகம் கேட்பது பட்டிக்காட்டுத்தனம் இல்லை. பாடகரைப் பார்க்கத்தான் சனம் வருகிறது. அனுசரணையாளர் கொடுத்த காசில்தான் மேடைக்கு வெளிச்சம் வருகிறது. அமரருடைய படம் அந்த ஊரின் நன்றி. ஆகவே “முகமே வேண்டாம்” என்ற வாதத்தை எடுக்காதீர்கள். தோற்பீர்கள், தோற்கவும் வேண்டும்.

வழி, ஒரே தாளில் எல்லாவற்றையும் திணிக்காமல் இருப்பதுதான். எங்களிடம் ஏற்கெனவே நோட்டீஸ் என்று ஒன்று இருக்கிறது: கையில் கொடுப்பது, ஆறுதலாக வாசிப்பது. அத்தனை பெயரும் பட்டமும் நிகழ்ச்சி நிரலும் விருந்தினர் படங்களும் அதில் முழு மரியாதையோடு வரட்டும். மேடைக்குப் பின்னால் கட்டும் பனரிலும் வரட்டும். மேடையில் இருப்பவர்கள் படமெடுக்கும்போது பின்னால் தெரிய வேண்டியது அதுதானே. சந்தியில் ஒட்டும் போஸ்டரில் ஒரு படம், ஒரு பெயர், ஒரு திகதி, ஓர் இடம். “எல்லாரையும் போடுறம், ஆனா ஆளாளுக்கு ஏற்ற இடத்தில போடுறம்” என்று சொன்னால் யாருக்கும் மனம் நோகாது. கூடுதலாக இரண்டு தாள் செய்வதற்குக் காசு தனி என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள்.

எல்லா முகமும் போஸ்டரிலேயே வேண்டும் என்று விடாப்பிடியாக நின்றால், வேறுவேறு வெளிச்சத்தில் எடுத்த படங்கள் எல்லாவற்றையும் ஒரே நிறச் சாயத்துக்கு மாற்றி, தலையளவை ஒன்றாக்கி, அடியில் ஒரே பட்டியாக வையுங்கள். பிரதம விருந்தினருடையது மட்டும் கொஞ்சம் பெரிது. மேல் முக்கால்வாசி உங்களுக்கு மிஞ்சும்.

படி 4: பென்சிலில் காட்டுங்கள்

முடித்த டிசைனைக் கொண்டுபோனால் அவர்கள் நிறத்தைப் பற்றிக் கதைப்பார்கள். பென்சில் கோட்டைக் கொண்டுபோனால் எண்ணத்தைப் பற்றிக் கதைப்பார்கள். ஆரம்பத்தில் உங்களுக்கு வேண்டியது இரண்டாவது கதை. உள்ளங்கையளவில் பத்துக் கீறி, அதில் இரண்டை மட்டும் காட்டுங்கள். ஒன்று அவர்கள் எதிர்பார்ப்பதற்குக் கிட்டவாக, ஒன்று நீங்கள் ஆசைப்படுவது. செய்ய மனமில்லாத ஒன்றைச் சும்மா எண்ணிக்கைக்காகக் காட்டாதீர்கள், அதைத்தான் தெரிவுசெய்வார்கள். இது ஏதோ விதி மாதிரி நடக்கும்.

காட்டும் இடமும் முக்கியம். போனில் அனுப்பிவிட்டுக் காத்திருக்காமல் நேரில் போங்கள். ஏ4இல் அச்சடித்துச் சனசமூக நிலையச் சுவரில் ஒட்டி, எல்லோரையும் பத்தடி தள்ளி நிற்கச் சொல்லுங்கள். “இடம் சும்மா கிடக்கு” என்று போனில் பார்த்துச் சொன்னவரே, தூரத்தில் நின்று பார்க்கும்போது அந்தச் சும்மா இடம்தான் பெயரைத் தூக்கிக் காட்டுகிறது என்று கண்டுகொள்வார்.

படி 5: தமிழ் எழுத்தில் உங்கள் கையைக் காட்டுங்கள்

வாடிக்கையாளர் ஆகக் குறைவாகத் தலையிடுகிற இடம் எழுத்தின் வடிவம். அதனால் உங்கள் சுதந்திரத்தின் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது. புதியவர்கள் அதைத்தான் வீணாக்குகிறார்கள். தலைப்பை நீங்களே கையால் எழுதிப் பாருங்கள். ழகரத்தின் வாலும் ஐகாரத்தின் சுழியும் ஆகாரத்தின் காலும் தரும் வாய்ப்பை எந்தப் படமும் தராது. காத்தவராயன் கூத்துக்குத் தலைப்பெழுத்தே மத்தள வார் இழுத்த மாதிரி விறைப்பாக நிற்கலாம். இன்னிசை இரவுக்கு அதே எழுத்து நெகிழலாம்.

வளைக்கும்போது இரண்டைக் கவனியுங்கள். புள்ளி தொலைந்தால் சொல்லே மாறிவிடும். றகரமும் நகரமும், ணகரமும் னகரமும் அலங்காரத்தில் ஒன்றாகிவிடக் கூடாது. தலைப்பை எவ்வளவும் வளையுங்கள். திகதி, நேரம், இடம் மூன்றையும் தொடாதீர்கள். அவை நேராக, தடிப்பாக, யாரும் வாசிக்கிற மாதிரி நிற்கட்டும். சோதிக்க ஆள் வேண்டுமென்றால் ஓட்டோ ஓட்டுகிற ஒருவருக்கு மூன்று செக்கன் காட்டிவிட்டு மறைத்து, எப்போது, எங்கே என்று கேளுங்கள்.

எழுத்துரு விடயத்தில் எங்கள் பக்கத்துக்கென்றே ஒரு தலையிடி உண்டு. பாமினியில் அடித்துத் தருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். வாங்கியவுடன் யுனிகோட்டுக்கு மாற்றி, மாற்றிய பிரதியைச் செயலாளரிடம் வாசித்துக் காட்டுங்கள். யுனிகோட் தமிழ் போட்டோஷொப்பிலோ இலஸ்ரேட்டரிலோ கொம்பும் காலும் இடம்மாறிச் சிதறினால், எழுத்து அமைப்பில் ‘வேர்ல்ட்-ரெடி’ என்ற தெரிவை இயக்குங்கள். காசில்லாமல், தொழிலுக்குப் பயன்படுத்தும் அனுமதியோடு கிடைக்கும் தமிழ் எழுத்துருக்கள் இப்போது நிறைய உண்டு: நோட்டோ சான்ஸ் தமிழ், கட்டமரன், முக்த மலர், பாலூ தம்பி, மீரா இனிமை, கவிவாணர். விபரங்களுக்கு முதல் மூன்றும் நன்றாக உழைக்கும். பாலூ தம்பி சிறுவர் நிகழ்ச்சிக்கு. கவிவாணரைக் கல்யாண அட்டைக்கு விட்டுவிடலாம் என்பது என் ரசனை.

படி 6: படத்தை ஊரிலிருந்து எடுங்கள்

கறுப்பு நிழலாக ஒரு பனை, பின்னால் சிவப்புச் சூரியன். வடக்கில் நடக்கிற எல்லா நிகழ்ச்சிக்கும் இதே படம்தான். பனை எங்களிடமும் உண்டு, பூநகரிப் பக்கம் தாராளமாகவே உண்டு. ஆனால் மாங்குளத்துக்கும் ஒட்டுசுட்டானுக்கும் பாலையும் முதிரையும் வீரையும் இருக்கின்றன. குளக்கட்டு இருக்கிறது, வான் பாயும் இரணைமடு இருக்கிறது, அறுத்த வயலில் இறங்கும் கொக்குக் கூட்டம் இருக்கிறது. விழாக்குழுவிடம் இதை விற்பது சுலபம்: “எங்கட ஊர் எண்டு பார்த்தவுடனே தெரியவேணும்” என்ற வாக்கியத்துக்குத் தலையாட்டாத தலைவர் கிடையாது.

கூத்து என்றால் ஒப்பனைப் படத்தை இணையத்தில் தேடாதீர்கள். கதகளி முகம் வரும், தமிழ்நாட்டுத் தெருக்கூத்து முகம் வரும். முல்லைத்தீவின் கோவலன் கூத்துக்கு ஒரு மோடி, அதாவது ஒரு பாணி. மன்னாரின் வடபாங்கு, தென்பாங்குக் கூத்துகளுக்கு வேறு உடுப்பு, வேறு முடி. கூத்துப் பழக்கும் அண்ணாவியாரிடம் போய் உடுப்புப் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், உங்கள் போனில் நீங்களே படமெடுங்கள். தெய்வ உருவங்களில் பூசகரையோ நிர்வாக சபையையோ கேட்காமல் புதுமை வேண்டாம். வற்றாப்பளைக் கண்ணகி அம்மனின் வைகாசிப் பொங்கலோடு ஒட்டிய நிகழ்ச்சி ஒன்றுக்குப் போஸ்டர் என்றால், அம்மன் முகத்தை உங்கள் பாணியில் மாற்றிக் கீறுவதைவிடக் கடல்நீரில் எரியும் அந்த விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பார்த்தவுடன் எல்லோருக்கும் விளங்கும், கீறும் முறையிலும் உங்களுக்குக் கை முழுக்க விடுதலை.

இன்னொன்று, வன்னியில் தொழில் செய்கிறவர் தெரிந்திருக்க வேண்டியது. சிவப்பையும் மஞ்சளையும் ஒரு விதமாகச் சேர்த்தாலோ, கார்த்திகைப்பூவை வைத்தாலோ, வேறு ஊரில் அலங்காரமாக இருப்பது இங்கே புலிகளின் அடையாளம் என்று பொலிஸ் விசாரணை வரை போகலாம். உங்களுக்கு அது கலை, நினைவு, உரிமை எதுவாகவும் இருக்கலாம். ஆனால் ஒலிபெருக்கி அனுமதிக் கடிதத்தில் கையெழுத்து வைத்தவர் தலைவர். நிலையத்துக்குக் கூப்பிட்டால் போகப்போவதும் அவர். அதனால் இது கோட்டின் இடப்பக்கம். அவரிடம் வெளிப்படையாகச் சொல்லி, அவர் அறிந்து சம்மதித்தால் மட்டும் செய்யுங்கள். அவருக்குத் தெரியாமல் மறைத்து வைப்பது துணிச்சல் இல்லை, மற்றவர் தலையில் சுமை ஏற்றுவது.

நாட்களையும் பாருங்கள். நிகழ்ச்சி ஆனி முதல் வாரமாக இருக்கலாம், ஆனால் பிளக்ஸ் அதற்கு முன்னமே ஏறிவிடும். மே 18 நினைவுநாளை ஒட்டிய நாட்களில் முள்ளிவாய்க்கால் போகும் வீதியில் ஆடும் பெண்ணும் வண்ண விளக்குமாக ஒரு பிளக்ஸ் தொங்குவதை யாரும் விரும்பமாட்டார்கள். அந்த வாரம் கழிந்து கட்டச் சொல்லுங்கள். நவம்பர் கடைசியில் மாவீரர் நாளை ஒட்டியும் அப்படியே.

படி 7: அவர்கள் சொல்வதை மொழிபெயர்த்து விளங்கிக்கொள்ளுங்கள்

“கலர் காணாது” என்றால் நிறம் குறைவு என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் தலைப்புக்கும் பின்னணிக்கும் வேறுபாடு போதவில்லை. பின்னணியை இருட்டாக்கிப் பாருங்கள், அதே நிறங்களோடு ஏற்றுக்கொள்வார்கள். “எடுப்பா இல்லை” என்றால் எது முக்கியம் என்று கண்ணுக்குத் தெரியவில்லை. ஒன்றைப் பெரிதாக்கி மற்றவற்றைச் சின்னதாக்குங்கள். “பக்கத்து ஊரில செய்த மாதிரி” என்றால் அந்த விழாவுக்கு வந்த சனம் எங்களுக்கும் வரவேண்டும் என்ற பயம்; போஸ்டரைப் பற்றிய கருத்தே இல்லை. “எங்கட பொடியன் ஒருத்தன் கன்வாவில செய்து காட்டினவன்” என்றால் விலை கூடிப்போச்சு என்று நினைக்கிறார்கள்.

ஒவ்வொரு திருத்தத்துக்கும் உடனே “சரி” என்றோ “ஏலாது” என்றோ சொல்லாதீர்கள். “எதுக்காக அப்பிடி நினைக்கிறியள்?” என்று ஒருதரம் கேளுங்கள். காரணம் வாசிப்புக்கோ வருகைக்கோ சம்பந்தப்பட்டதாக இருந்தால் விட்டுக்கொடுங்கள், அதற்கு நீங்கள் கண்ட தீர்வைச் செய்யுங்கள். வெறும் ரசனை என்றால் ஒன்றை விட்டு ஒன்றைப் பிடியுங்கள்: நிறத்தில் அவர்கள் சொன்னதைச் செய்து, எழுத்தை உங்கள்படி வைத்திருங்கள். கலைஞருடைய இணையப் படத்தைத் திருடிப் போடச் சொன்னால், வராத பாடகருடைய முகத்தை வருவதாகப் போடச் சொன்னால், பேச்சே வேண்டாம். முற்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழும்புங்கள். சனம் ஏமாந்து திரும்பினால் அடுத்த நிகழ்ச்சிக்கு உங்கள் போஸ்டரையும் நம்பாது.

படி 8: காசும் கடுதாசியும்

நீளமான ஒப்பந்தம் எங்கள் பக்கம் சரிவராது. வட்ஸ்அப்பில் பத்து வரி போதும், ஆனால் வேலை தொடங்க முன்னம் அனுப்பி “சரி” என்ற பதிலை வாங்குங்கள். என்னென்ன தருவீர்கள், எத்தனை திருத்தம் விலைக்குள், அதற்கு மேல் எவ்வளவு, பாதி முற்பணம், அச்சுச் செலவு தனி, கடைசிப் பிரதியைச் செயலாளர் வாசித்து ஒப்புக்கொண்ட பிறகு வரும் எழுத்துப்பிழை யாருடைய பொறுப்பு, போஸ்டரின் மூலையில் உங்கள் பெயர், உங்கள் பக்கத்தில் அதை வெளியிடும் உரிமை. இரண்டு திருத்தம் என்பது நியாயமான அளவு.

இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஓவியத்துக்கும் பாதுகாப்புத் தருகிறது. படைத்தவருடைய பெயர் குறிப்பிடப்பட வேண்டும் என்ற உரிமையும் அதில் அடக்கம். அதே சட்டம் நீங்கள் இணையத்தில் உருவியெடுக்கும் படத்தின் சொந்தக்காரருக்கும் பொருந்தும் என்பதை மறக்கவேண்டாம். கீறிய படத்தைப் பிறகு ரீசேர்ட்டிலோ கோப்பையிலோ அடித்து விற்கப்போகிறார்களா என்றும் கேளுங்கள். வில்சனும் கிரஹமும் பிரிந்தது இப்படியான பணக் கேள்வியில்தான்: போஸ்டர்கள் ரசிகர்களிடம் விலைபோகத் தொடங்கிய பிறகு அதில் கீறியவருக்கு என்ன பங்கு?

ஊர்க் கழகத்துக்கு முழு விலை கேட்க மனம் வராது. பரவாயில்லை, குறையுங்கள். ஆனால் காசு குறைந்தால் சுதந்திரம் கூடவேண்டும். “பாதி விலைக்குச் செய்யிறன், ஆனா படம் என்ர விருப்பம்” என்பது நேர்மையான பேரம். பாதி விலையும் வாங்கி எட்டுத் திருத்தமும் செய்வது சேவை இல்லை.

படி 9: அச்சுக்கும் வெயிலுக்கும்

ஏ3 போஸ்டர் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) என்றால் 3508க்கு 4961 பிக்சல். வெட்டுக்கு நாலு பக்கமும் 3 மில்லிமீற்றர் கூடுதலாக விடுங்கள். அச்சு மைக்குரிய நிறமுறையான சிஎம்வைகேயில் வேலை செய்யுங்கள். திரையில் பறிக்கிற பச்சையும் ஊதாவும் தாளில் மங்கிவிடும், பிறகு “காட்டினது வேற கலர்” என்பார்கள். பெரிய பிளக்ஸுக்கு உண்மை அளவில் 72 முதல் 100 டிபிஐ போதும். எழுத்துகளை வடிவமாக மாற்றி, பிடிஎஃப் ஆக, வட்ஸ்அப்பில் ஆவணமாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் அது நசுக்கிவிடும். ஸ்டேட்டஸுக்கு 1080க்கு 1920இல் தனியாக ஒன்று. போஸ்டரைச் சுருக்கி அனுப்பாதீர்கள், திகதி தெரியாது.

கச்சான் வீசும் மாதங்களில் அகலமான பிளக்ஸ் ஒரே இரவில் கிழிந்துபோகும். காற்றுப் போக வெட்டு விடுவார்கள். அந்த இடத்தில் முகமோ பெயரோ வராமல் முன்னமே திட்டமிடுங்கள். போஸ்டர் ஒட்டப் பிரதேச சபையின் அனுமதியைக் குழு எடுத்ததா என்று கேளுங்கள். பாடசாலை மதிலிலும் நினைவிடங்களிலும் ஒட்டவேண்டாம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். மூலையில் இருப்பது உங்கள் பெயரும்தான்.

முடிந்த வேலையை அடுக்கு அடுக்காகப் பிரித்தபடியே, ஆண்டும் கழகத்தின் பெயரும் போட்டுச் சேமித்து வையுங்கள். அடுத்த பங்குனியில் அதே செயலாளர் அழைப்பார்: “தம்பி, போன வருசப் பைலில திகதியை மட்டும் மாத்தித் தாங்கோவன், ரெண்டு நிமிச வேலைதானே.” அதற்கு எவ்வளவு வாங்குவது என்பதையும் அந்தப் பத்து வரியிலேயே சேர்த்து எழுதிவிடுங்கள்.